இரவு 11 மணிக்கு மேல்தான் மூளை ஓடுகிறது: இது பிறவிக் குணமா, விடுதிப் பழக்கமா?

உசிலை_ஆந்தை | திங்கள், அதிகாலை 2.41

எல்லோருக்கும் வணக்கம். பதிவு போட்ட நேரத்தைப் பார்த்தாலே என் பிரச்சினை புரிந்துவிடும்.

முதுநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு. மதுரைக்குள்ளேயே ஒரு கல்லூரி விடுதியில் இருக்கிறேன். அறையில் மூன்று பேர். ராத்திரி பதினோரு மணிக்குக் கூட்டமாகத் தேநீர் குடிக்கப் போவோம். முதல் வகுப்பு 8.45-க்கு. நான் கட்டையைச் சாய்க்க எப்படியும் இரண்டரை ஆகிவிடும். ஏழரைக்கு அலாரம். அது மூன்று தடவை அடித்து, பக்கத்துக் கட்டில்காரன் தலையணையை விட்டெறிந்த பிறகுதான் எழுவேன். மெஸ்ஸில் எட்டரைக்குக் கதவைச் சாத்துவார்கள். நான் போகும்போது பொங்கல் இருக்கும், சட்னி இருக்காது. முதல் இரண்டு வகுப்பில் நான் இருந்தேன் என்பதற்கு வருகைப் பதிவேடு மட்டும்தான் சாட்சி.

ஆனால் இரவு பதினொன்று தாண்டிவிட்டால் ஆளே வேறு. போன செமஸ்டரில் நிறமாலையியல் முழுவதையும் பின்னிரவில்தான் படித்தேன். தலைகீழாகச் சொல்வேன். அதே பாடத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு மாதத் தேர்வு வைத்தபோது, தெரிந்த கணக்கிலேயே கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டு வந்தேன்.

இதில் குழப்பம் என்னவென்றால், எங்கள் வீட்டில் யாருமே இப்படி இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. அம்மா நாலு மணிக்கு எழுந்து, நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போய்விடும். பூ விரிந்துவிட்டால் விலை போச்சு. ஏழாவது, எட்டாவது படிக்கும்போது நானும் கூடப் போய்ப் பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். தூக்கம் வந்ததாக நினைவே இல்லை. இப்போது ஊருக்குப் போனால், "காலேஜுக்கு அனுப்புனேன், கோட்டானாகித் திரும்பி வந்திருக்கு" என்கிறது.

நான் பிறவியிலேயே இரவு ஆளா? இல்லை, விடுதி என்னை இப்படி ஆக்கிவிட்டதா?

---

பழைய_வார்டன் | திங்கள், அதிகாலை 4.38

தம்பி, நீ பதிவு போட்ட இரண்டு மணி நேரத்தில் நான் எழுந்து காபியே குடித்துவிட்டேன்.

இருபது வருடத்துக்கு மேல் விடுதிக் காப்பாளராக இருந்தவன். நடுச்சாமம் ரோந்து போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். விளக்கு எரியும் அறை நாற்பது இருந்தால், புத்தகம் திறந்திருக்கும் அறை ஆறு இருக்கும். மற்றதெல்லாம் சீட்டு, பேச்சு, பிற்காலத்தில் செல்போன். "ராத்திரிதான் சார் மண்டையில் ஏறுது" என்று சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. பகல் முழுக்கத் தூங்கி வழிந்தால் ராத்திரிதான் ஏறும், வேறு எப்போது ஏறும்? போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பத்தரைக்கு விளக்கை அணைத்துப் பார். ஒரே வாரத்தில் சரியாகிவிடும்.

---

ஜிகர்தண்டா | திங்கள், காலை 9.15

ஊருக்கே தூங்கா நகரம் என்று பேர் வைத்துவிட்டு, படிக்கிற பையன் மட்டும் பத்தரைக்குத் தூங்க வேண்டுமாம். நாளங்காடி மூடும்போது அல்லங்காடி திறந்த ஊர் ஐயா இது.

---

வௌவால்_குகை | திங்கள், காலை 11.20

வார்டன் ஐயா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த நீளமான பதில். உயிரினங்களின் நாள்-தாளம் (உடம்புக்குள் ஒரு நாள் கணக்கில் ஓடும் கடிகாரம்) பற்றிக் கொஞ்சம் படித்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆள், இரவு ஆள் என்பது சோம்பேறித்தனத்துக்குச் சூட்டிய பட்டப்பெயர் இல்லை. ஹார்ன், ஆஸ்ட்பெர்க் என்ற இருவர் 1976-லேயே இதை அளக்க 19 கேள்விகள் தயாரித்தார்கள். யார் கட்டாயமும் இல்லையென்றால் எத்தனை மணிக்கு எழுவாய், எழுந்த முதல் அரை மணி நேரம் உடம்பு எப்படி இருக்கும் என்கிற மாதிரிக் கேள்விகள். மதிப்பெண் 16 முதல் 86 வரை. 59-ம் அதற்கு மேலும் வாங்கினால் காலை ஆள், 41-ம் அதற்குக் கீழும் என்றால் இரவு ஆள், இடையில் நடுவாந்தரம். இன்றும் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வு செய்கிறவர்கள் இதைத்தான் கொடுக்கிறார்கள்.

தம்பி கேட்ட 'பிறவியா' என்பதற்கு: ஓரளவு ஆமாம். 2019-ல் ஏறக்குறைய 7 லட்சம் பேரின் மரபணுத் தகவலை அலசியதில், இந்தக் குணத்தோடு தொடர்புள்ள 351 இடங்கள் தெரியவந்தன. ஒரே மரபணு இருக்கிறவன் ஆந்தை, இல்லாதவன் கோழி என்கிற கதை இல்லை இது. சொட்டுச் சொட்டாகச் சேர்வது.

அதைவிட உங்களுக்கு முக்கியமானது வயது. ஜெர்மனியில் டில் ரோனபெர்க் குழுவினர் 2004-ல் காட்டியது இது: பிள்ளைப் பருவம் தாண்டியதும் உறக்க நேரம் வருடா வருடம் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறது. இருபது வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல முன்னால் திரும்புகிறது. பெண்களுக்கு அந்தத் திருப்பம் பத்தொன்பதரை வயதில், ஆண்களுக்கு ஏறக்குறைய 21-ல். மல்லிகை பறித்தபோது உங்களுக்கு 12, 13 வயது. இப்போது 22 இருக்குமா? வாழ்க்கையிலேயே உறக்கம் மிகவும் பின்தங்கிப் போகிற கட்டத்தை இப்போதுதான் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வயசுப் பிள்ளைகளைத்தான் எட்டே முக்காலுக்கு உட்காரவைத்து வேதியியல் நடத்துகிறோம்.

ஐயா நாலரைக்கு எழுவதும் முழுக்க முழுக்க ஒழுக்கத்தால் வந்தது இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், வயதுக்கும் அதில் பங்கு உண்டு.

தம்பி, ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். லீவு நாளில், அலாரம் இல்லாமல், எப்போது தூங்கி எப்போது எழுகிறீர்கள்?

---

உசிலை_ஆந்தை | திங்கள், நள்ளிரவு 12.52

அண்ணே, சனி ஞாயிறில் மூன்றரைக்குப் படுத்தால் பதினொன்றரைக்குத்தான் எழுவேன். கல்லூரி நாளில் இரண்டரை முதல் ஏழரை.

(வார்டன் ஐயா, போனைப் பூட்டி வைத்தேன். சாவி என்னிடமே இருந்தது.)

---

வௌவால்_குகை | செவ்வாய், அதிகாலை 1.25

சரி, கணக்குப் போடுவோம். உறக்கத்தின் நடுப்புள்ளியைப் பாருங்கள். கல்லூரி நாளில் 2.30-க்கும் 7.30-க்கும் நடு, காலை 5. லீவு நாளில் 3.30-க்கும் 11.30-க்கும் நடு, 7.30. வித்தியாசம் இரண்டரை மணி நேரம். இதைத்தான் சோஷியல் ஜெட்லாக் என்கிறார்கள். நமக்கும் குவைத்துக்கும் அதே இரண்டரை மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி குவைத்துக்குப் போய், திங்கட்கிழமை காலை மதுரையில் இறங்கி நேரே வகுப்புக்குப் போகிறீர்கள். வாரா வாரம்.

இன்னொன்றும் பாருங்கள். லீவு நாளில் நீங்கள் 8 மணி நேரம் தூங்குவது அதுவரை விட்டதைப் பிடிக்கத்தான். வார சராசரி ஆறு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. லீவு நாளில் அந்தச் சராசரிக்கு மேல் தூங்குகிற உபரியில் பாதியை ஏழரையிலிருந்து கழித்தால் உங்கள் உண்மையான நடுப்புள்ளி ஏறக்குறைய ஆறரை. ஐரோப்பாவில் எடுத்த கணக்கில் 4-க்கும் 5-க்கும் இடையில்தான் கூட்டம் அதிகம். அதை வைத்துப் பார்த்தால் நீங்கள் ஆந்தைதான், ஆனால் ஏழரை காட்டுகிற அளவுக்கு இல்லை.

---

இட்லிக்கடை_வீட்டுப்பிள்ளை | செவ்வாய், அதிகாலை 1.58

இப்போதுதான் கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் அப்பா ராத்திரிக் கடை வைத்திருக்கிறார். நான் பி.காம். சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால், கடைசி ஆள் சாப்பிட்டுக் கை கழுவ ஒரு மணி. படுக்க இரண்டரை.

அந்த 19 கேள்வியை இணையத்தில் தேடி நானும் போட்டுப் பார்த்தேன். இரவு ஆள் என்று வந்தது. ஆனால் பொங்கலுக்கு மூன்று நாள் கடை இல்லை. முதல் நாளே ஒன்பதே முக்காலுக்குச் சாப்பிட்ட தட்டோடு தூங்கிவிட்டேன். மூன்றாம் நாள் அஞ்சரைக்குத் தானாக முழிப்பு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குள் இருப்பது கோழி. கடை நடத்துவது ஆந்தை.

---

மேலூர்_அக்கா | செவ்வாய், இரவு 10.40

தம்பி இட்லிக்கடை, நான் உனக்கு நேர் எதிர்.

எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். வெள்ளன எழுந்து, தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, அப்பாவுக்கும் தம்பிக்கும் சோறு கட்டிவிட்டு, ஏழு மணி பஸ். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால் ஒத்தக்கடை வரும்வரை தெரியாது. தெருவில் எல்லோரும் "விடியறதுக்கு முன்னால எந்திரிக்கிற பிள்ளை" என்று மெச்சுவார்கள். நான் அந்த இரண்டு வருடமும் காலை நேரத்தை வெறுத்தேன். வீடு அடங்கிய பிறகு, அடுப்படி மேடையில் நோட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே படித்த பதினொன்று முதல் ஒன்று வரைதான் எனக்கென்று இருந்த நேரம்.

இந்த இழையில் பையன்கள் "நான் ஆந்தையா கோழியா" என்று ஆராய்கிறீர்கள். நல்லது. எங்களுக்கு அந்தக் கேள்வியை யாரும் போடவில்லை. பெண்கள் விடுதியிலும் அதே கதைதான். இருட்டுவதற்கு முன் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், நூலகம் எட்டு மணி வரை திறந்திருந்து என்ன பிரயோசனம்? இரவு ஆளாக இருக்கிற பெண் ஒன்று படுக்கைக்குள் டார்ச் அடித்துப் படிக்க வேண்டும், இல்லையென்றால் காலை ஆள் மாதிரி நடிக்க வேண்டும்.

வினாத்தாளில் 'யார் கட்டாயமும் இல்லையென்றால்' என்று வருகிறதாமே. அந்த வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன்.

---

பழைய_வார்டன் | புதன், அதிகாலை 4.44

மேலூர் அம்மா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் மகளும் அப்படி நின்றுகொண்டு படித்ததை ஒரு தடவை பார்த்து, விளக்கை அணைக்கச் சொல்லி அதட்டியிருக்கிறேன்.

ஆனாலும் கேட்கிறேன். எல்லோருக்கும் அவரவர் நேரத்தில் வகுப்பு நடத்த முடியுமா?

---

இரண்டாம்_ஷிப்ட் | புதன், காலை 10.30

முடியும் ஐயா. நம்ம ஊரில் ஏற்கெனவே நடந்திருக்கிறது, அதை யாரும் இந்தக் கண்ணோடு பார்த்ததில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை இருந்ததே. நான் இளங்கலை படித்தது மதிய ஷிப்ட்டில். வகுப்பு ஒன்றரைக்குத்தான். இடம் போதாமல் கொண்டுவந்த ஏற்பாடு, உறக்கத்துக்காக யாரும் யோசித்துச் செய்ததில்லை.

அந்த மூன்று வருடமும் எனக்கு அலாரம் என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு மணிக்குத் தூங்கி ஒன்பதரைக்கு எழுந்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போவேன். முதுகலைக்குக் காலை வகுப்புள்ள கல்லூரியில் சேர்ந்ததும் முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர். அதே ஆள், அதே மண்டை. ஷிப்ட்டைத் தேர்ந்தெடுக்க மாணவனுக்கு வாய்ப்புக் கொடுத்தால் போதும். பகுதிநேர வேலைக்குப் போகிறவன் தனக்கு வேண்டியதை எடுப்பான், காலை ஆள் தனக்கு வேண்டியதை எடுப்பான்.

எங்கள் வகுப்பில் மதிய ஷிப்ட்டை வெறுத்தவர்களும் இருந்தார்கள். மூன்று மணி வெயிலில், மின்விசிறி இல்லாத கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பொருளாதாரம் கேட்பது ஆந்தைக்கும் கஷ்டம்தான்.

---

வௌவால்_குகை | வியாழன், காலை 11.50

இப்போது 'விடுதியா' என்கிற பாதிக்கு வருகிறேன். இதற்கு மதுரையிலேயே ஒரு பதில் இருக்கிறது.

இந்தியாவில் நாள்-தாள ஆய்வுக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் மா. கி. சந்திரசேகரன். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் வேலை செய்துவிட்டு வந்து, நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தவர். அவரும் மாரிமுத்து முதலியவர்களும் மதுரைப் பக்கத்துக் குகைகளில் இலைமூக்கு வௌவால்களைக் கவனித்தார்கள். குகையின் ஆழத்தில் வெளிச்சம் எட்டாது, வெப்பமும் ஒரே சீர். பகலா இரவா என்று அங்கே காட்ட ஒன்றும் கிடையாது. ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்து அந்த இருட்டில் விட்டார்கள். சுற்றிலும் அதன் கூட்டம் சாயங்காலம் வெளியே போய், விடியுமுன் திரும்பிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் இருந்ததும் அவர்களுடைய நேரத்தையே பிடித்துக்கொண்டது. வேறு வௌவாலே இல்லாத குகையில் வைத்தபோது, அதன் தாளம் வெளியுலகை விட்டுவிட்டுத் தன் போக்கில் நகர ஆரம்பித்தது. 1981-ல் வெளியான ஆய்வு இது.

எனக்கு விடுதியை நினைத்தாலே அந்தக் குகைதான் ஞாபகம் வரும். தம்பி, உங்கள் அறையில் மூன்று பேர், ட்யூப்லைட் ஒன்று. யார் கடைசியாக அணைக்கிறானோ அவன் நேரம்தான் மற்ற இருவருக்கும். பதினோரு மணிக்குத் தேநீர் குடிக்கக் கூட்டமாகப் போகிறீர்கள். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அதாவது நாலு மணிக்கும் அரைத் தேநீர் உள்ளே விழித்திருக்கும்.

அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களையும் கடிகாரம், வெளிச்சம், ஆள் நடமாட்டம் எதுவும் தெரியாத தனி அறையில் தங்கவைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு உறக்கமும் உடல் வெப்பமும் வெவ்வேறு தாளத்தில் பிரிந்து ஓடின. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவர்கள் கணித்ததும், விழித்திருந்த நேரத்தோடு சேர்ந்தே நீண்டது. நம் உள்கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய 24.2 என்று பின்னால் அமெரிக்காவில் அளந்தார்கள். அந்த உபரியைத் தினமும் பிடித்து இழுத்துச் சரிசெய்வது காலை வெளிச்சம். அதை வாங்காமல் காலையில் திரைச்சீலைக்குள்ளேயே கிடந்தால், நாள் பின்னால் நழுவத்தான் செய்யும். இரவு ட்யூப்லைட்டும் போனும் அதை இன்னும் தள்ளிவிடும்.

2013-ல் அமெரிக்காவில் எட்டுப் பேரை ஒரு வாரம் மலையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார்கள். மின்விளக்கு, போன் எதுவும் கிடையாது, சூரியனும் கணப்பு நெருப்பும்தான். அவர்களுடைய உள்கடிகாரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. நிறைய முன்னால் வந்தவர்கள் ஆந்தைகள்தான். ஆந்தைக்கும் கோழிக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. ஆனால் மறைந்துவிடவில்லை.

அதனால் வார்டன் ஐயா சொன்ன பாதி, போனும் விளக்கும், சரிதான். ஒரே வாரத்தில் எல்லோரும் பத்தரைக்குத் தூங்கிவிடுவார்கள் என்பது நடக்காது.

இன்னொரு சின்ன விஷயம், என் கிறுக்குக்காகச் சொல்கிறேன். நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. மதுரை 78 பாகையை ஒட்டி இருக்கிறது. சூரியக் கணக்குப்படி நாம் 17 நிமிஷம் பின்னால். எட்டே முக்கால் வகுப்பு சூரியனுக்கு எட்டு இருபத்தெட்டு. உங்கள் வருகைப்பதிவுக்கு இது செல்லாது.

---

ஜிகர்தண்டா | வியாழன், பகல் 12.10

அந்த 17 நிமிஷத்தைத் துறைத்தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப சாயங்காலமும் 17 நிமிஷம் சேர்த்து உட்காரு" என்றார்.

---

உசிலை_ஆந்தை | பதினேழு நாள் கழித்து, ஞாயிறு, காலை 10.20

எல்லோருக்கும் ஒரு அறிக்கை.

முதலில் ஐந்து நாள் ஊருக்குப் போனேன். முதல் நாள் பூப்பறிக்க அம்மா எழுப்பியபோது, செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தூங்கினேன். மொட்டைக் காம்போடு கிள்ளாமல் பாதியில் கிள்ளி வைத்ததைப் பார்த்து, "ஒனக்குக் கூலி கிடையாது, போய்ப் படு" என்று விரட்டிவிட்டது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், வெளுத்து வரும்போது வரப்பில் உட்கார்ந்து வரக்காப்பி குடித்தேன். தலைபாரம் இல்லை. நாலாம் நாள் ராத்திரி பத்தே முக்காலுக்குக் கொட்டாவி வந்தது. எனக்கே பயமாக இருந்தது.

விடுதிக்குத் திரும்பிய நாலே நாளில் ஒன்றரைக்கு வந்துவிட்டேன். வௌவால் அண்ணன் சொன்ன குகை சரியாக இருக்கிறது.

அதன்பிறகு மூன்று விஷயம் செய்தேன். பதினோரு மணித் தேநீருக்குக் கூடப் போகிறேன், ஆனால் பால் மட்டும் குடிக்கிறேன் (கேலி தாங்க முடியவில்லை). பன்னிரண்டுக்கு ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, படிக்கிறவன் மேசை விளக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று மூவரும் பேசி முடித்தோம். விளக்கு வாங்கியது நான், நானூறு ரூபாய். ஏழே காலுக்கு எழுந்து, மெஸ்ஸுக்கு நேராகப் போகாமல் வெயிலில் கால் மணி நேரம் மைதானத்தைச் சுற்றிவிட்டுப் போகிறேன். சட்னி கிடைக்கிறது.

இப்போதைய கணக்கு: கல்லூரி நாளில் 1.15 முதல் 7.15, நடுப்புள்ளி நாலே கால். இன்று ஒன்றே முக்காலுக்குத் தூங்கி, அலாரம் இல்லாமல் 9.40-க்கு எழுந்தேன். நடுப்புள்ளி ஏறக்குறைய ஐந்து நாற்பது. வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குள். குவைத்திலிருந்து துபாய்க்கு வந்துவிட்டேன்.

இன்னமும் இரவு பதினொன்றுக்குத்தான் படிப்பு ஓடுகிறது. அது மாறவில்லை. முதல் வகுப்பில் இப்போது முழித்திருக்கிறேன், ஆனால் ரசித்துக் கேட்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

---

மேலூர்_அக்கா | ஞாயிறு, பகல் 11.05

நானூறு ரூபாய் விளக்கு நல்ல யோசனை. அடுப்படி மேடைக்கு நானும் ஒன்று வாங்கியிருக்கலாம்.

---

பழைய_வார்டன் | திங்கள், அதிகாலை 4.41

துபாயிலிருந்து ஊர் வந்து சேர எத்தனை நாள் ஆகும் தம்பி?

---

உசிலை_ஆந்தை | திங்கள், காலை 7.32

தெரியவில்லை ஐயா. இந்தக் கணக்கை நேற்று போனில் அம்மாவிடமும் சொன்னேன். குவைத்து, துபாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்புட்டுத் தூரம் போயிட்டு வர்ற, பணம் ஒண்ணும் அனுப்பக் காணோமே" என்றது.